கொம்பியூட்டர் வகுப்பின் உதவி லைனில் கேட்ட குரல்கள்

போனில் உதவி செய்கிற வேலைக்கு முதலில் தேவையானது கொம்பியூட்டர் அறிவு இல்லை, மற்றப் பக்கத்தில் உண்மையாகவே ஒரு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாலு வருஷம் நான் அந்த வேலை செய்தேன். நான் புலம்பெயர்ந்து வந்த மார்க்கம் நகரில், நெடுஞ்சாலை ஓரக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. ஆசிரியர்களுக்கும் பெரிய மாணவர்களுக்கும் கொம்பியூட்டர் வழியாகப் பாடம் நடத்துகிற ஒரு கொம்பனி. இன்டர்நெட் என்றால் என்னவென்று பாதிப்பேருக்குத் தெரியாத காலம். போன் லைனில் மோடத்தைக் கொழுவி, அது கீச்சிட்டு முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு வகுப்புக்குள் போகவேண்டும். போக முடியாதவர்கள் எங்களுக்குப் போன் அடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நான் பதினொரு வருஷம் கணக்குப் படிப்பித்தவள். இங்கே அந்தச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். செல்லாத ரீச்சர், செல்லுகிற ரீச்சர்மாருக்கு "மெஷினை ஒருக்கால் நிப்பாட்டிப் போடுங்கோ" என்று சொல்லிக்கொடுத்தேன்.

எனக்குப் பக்கத்து மேசையில் நேசன் அண்ணை. ஊரில் ரெலிபோன் இலாகாவில் இருந்தவர், எதற்கும் பதறமாட்டார். எங்களுக்கு மேலதிகாரி மார்லீன் என்ற ஜமெய்க்காக்காரி. ஜன்னல் இல்லாத அறை. மூலையில் ஐம்பது மோடங்கள் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு. யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து உள்ளே வரும்போது ஒன்று பற்றும், போகும்போது அணையும். காதில் ஹெட்செட் தழும்பு விழுந்த என் இனத்தவர்களே, அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட உங்களுக்கு நான் சொல்லப்போவது புதினமாக இராது.

கேள்விக்கு முன் வந்த விடை

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். ஆசிரியர் பயிற்சிக் கோர்ஸ் ஒன்றுக்குச் சோதனைத்தாள் திங்கள் காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அன்றைக்கு எட்டரைக்குப் பாடம் நடத்துகிறவர் போன் எடுத்தார். குரல் நடுங்கியது. மிசிசாகாவில் இருக்கிற ஒரு மாணவி வெள்ளிக்கிழமையே விடை அனுப்பியிருக்கிறாளாம். பத்துக் கேள்விக்கும் பத்து விடை, அதே ஒழுங்கில். இன்னுமொன்று: நாலாம் கேள்வியில் அவர் ஒரு சொல்லைப் பிழையாக அடித்திருந்தார். அந்தத் தாள் தன் கொம்பியூட்டரை விட்டு இன்னும் வெளியே போகவில்லை என்றார். அந்தப் பிள்ளை விடைக்கு முன், "கேள்வியில் ஒரு சொல் பிழை என்று நினைக்கிறேன்" என்று குறிப்பு எழுதியிருந்தாள்.

மார்லீன் உள்ளே யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பூட்டுகளை எல்லாம் மாற்றச் சொன்னாள். நான் அன்று முழுக்க அந்தச் சிவப்பு விளக்குகளைச் சந்தேகத்தோடு பார்த்தேன். பின்னேரம் நான் அந்தப் பிள்ளைக்கே அடித்துக் கேட்டேன். அவளுடைய தமக்கை இதே கோர்ஸைப் போன வருஷம் தபாலில் படித்தவளாம். பழைய தாள் வீட்டில் கிடந்ததாம், அச்சுப்பிழையோடு. இந்த வருஷத் தாளும் அதுதான் என்று நினைத்து அதைச் செய்து அனுப்பியிருக்கிறாள். நான் நேசன் அண்ணைக்குச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைக்காமலே சொன்னார்: "கேள்வியை மாத்தாத வாத்திக்கு மறுமொழி முந்தி வாறதில என்ன அதிசயம், தங்கச்சி?"

புதன்கிழமை மூச்சு

புதன்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து இருந்தவுடன் ஒரு அழைப்பு வரும். "வணக்கம், எப்படி உதவலாம்?" என்பேன். பதில் இல்லை. மூச்சு மட்டும். சாதாரண மூச்சு இல்லை, ஓட்டை விழுந்த குழாயால் காற்றுப் போகிறது போல, நுனியில் ஒரு மெல்லிய விசில். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பிறகு வைத்துவிடும். முதற்கிழமை பகிடி என்று நினைத்தேன். நாலாம் கிழமை மணி மூன்றுதரம் அடித்த பிறகுதான் எடுத்தேன். "எடுக்காதேங்கோ, என்னிடம் தாங்கோ" என்று நேசன் அண்ணை ஒருமுறை வாங்கிக் கேட்டார். அவரும் கேட்டுவிட்டு ஹெட்செட்டைத் திருப்பித் தந்தார்.

ஐந்தாம் கிழமை ஏதோ யோசனையில், "உங்களால் பேச முடியாவிட்டால் ரிசீவரில் ஒருதரம் தட்டுங்கள்" என்றேன். டக். ஓம் என்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு என்று சொல்லிக் கேள்வி கேட்டேன். மாணவரோ? டக் டக். ஆசிரியரோ? டக். எங்கள் கோர்ஸ் ஆசிரியரோ? டக். பேர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒன்பதாவது பேரில் நின்றது. சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்குவது எப்படி என்ற கோர்ஸை நடத்தியவர். அவருடைய குரலைப் பாட டிஸ்கில் கேட்டிருக்கிறேன், கோயில் மணி மாதிரி இருக்கும். தொண்டையில் வருத்தம் வந்து குரல் பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்று தட்டல்களில் இருந்து விளங்கியது. ஈமெயில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கப் போனேன். எங்கள் ஈமெயில் பெட்டியைப் பார்த்தால், அவர் ஆறு அனுப்பியிருந்தார், எங்கள் ஆட்கள் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அவற்றில் அவர் கேட்டிருந்தது தன்னுடைய குரலை. கொம்பனி புது ஆளை வைத்துப் பாடங்களை மறுபடி ஒலிப்பதிவு செய்துவிட்டது. பழைய டிஸ்குகள் எறிகிறதுக்கென்று கீழ் ஸ்டோரில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. நானும் நேசன் அண்ணையும் தேடி எடுத்து, பத்துப் பாடத்தையும் அனுப்பினோம். ஒரு மாதம் கழிந்து அவருடைய மனைவி போன் எடுத்து நன்றி சொன்னார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இப்போது எங்களுக்குள் சண்டை வந்தால் அவர் மூன்றாம் பாடத்தைப் போடுகிறார், அதில் 'நான் சொன்னதை நீங்கள் கவனிக்கவில்லை, இன்னொருமுறை சொல்கிறேன்' என்று ஒரு வரி இருக்கிறது."

வசந்தாவுக்குள் வசந்தா

வசந்தா மதுரைப் பக்கத்துப் பெண். பார்க்டேலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. எங்களிடம் பாலர் கல்விக் கோர்ஸ் படித்தாள். காலையில் லைப்ரரிக் கொம்பியூட்டரிலும் மத்தியானம் வீட்டிலுமாக வகுப்புக்கு வருவாள். வகுப்புக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் பேர்கள் தெரியும். ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டின் இரண்டாவது லைனில் எனக்கு அடித்து, குசுகுசுத்தாள். "மேடம், உள்ளே நான் ஏற்கனவே இருக்கேன்." அவளுடைய பேர் இரண்டு தடவை தெரிகிறதாம். காலையில் லைப்ரரியில் மூடாமல் வந்திருப்பாய், பேர் ஒட்டிக்கொண்டு நிற்கும், போய்விடும் என்றேன். "இல்லைங்க, அது பேசுது. யாரு நீன்னு கேட்டேன். வசந்தான்னு பதில் வருது."

நான் என் திரையில் அந்த வகுப்பைத் திறந்தேன். அவள் சொன்னது சரி. வசந்தாவுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது கேள், பார்ப்போம் என்றேன். இன்றைக்குக் காலை என்ன சாப்பிட்டேன் என்று அடித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, யாரோ தேடித் தேடிக் குத்துவது போல, விடை வந்தது: உப்புமா. போனில் வசந்தா அழத் தொடங்கினாள், ஏனென்றால் அவள் சாப்பிட்டது உப்புமாதான்.

நான் லைப்ரரிக்கு இன்னொரு லைனில் அடித்து, அந்த மெஷினில் யார் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். எண்பது வயதுப் போலந்துக்காரர் ஒருவர், மேல்கோட்டையும் கழற்றாமல் நிமிர்ந்து இருந்தாராம். பேப்பர் வாசிக்க வந்தவர். திரை தன்னிடம் கேள்வி கேட்கிறது என்று நினைத்திருக்கிறார். பேர் கேட்டபோது திரையின் மேலே கிடந்த பேரை எழுதினாராம். சாப்பாடு கேட்டபோது, காலையில் வசந்தா தன் வகுப்புத் தோழிகளுக்கு உப்புமாவைப் பற்றி எழுதியது கீழே கிடந்திருக்கிறது, அதைப் பார்த்து எழுதினாராம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்றாராம். எல்லாவற்றையும் விளங்கப்படுத்தியபிறகு வசந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பத்து நிமிஷம் நான் யாருன்னு எனக்கே நிச்சயமில்லைங்க, அவருதான் உறுதியா இருந்தாரு."

நாலு மணிச் சத்தம்

மூன்றாம் வருஷம், பனிக்காலம் தொடங்கின நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலு மணிக்குப் படிக்கிற ஆசிரியர்களுக்கென்று புதுக் கோர்ஸ் ஒன்று தொடங்கியது. முதற்கிழமையே முறைப்பாடு. மோடம் டயல் பண்ணுகிறது, ஆனால் உள்ளே போகுதில்லை. மூன்றாம் நாள் ஒரு ஆசிரியை எடுத்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "என்னுடைய கொம்பியூட்டருக்குள் ஒரு பெண் இருக்கிறாள்" என்றார். மோடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், லைன் பொருந்தும்வரை அந்தப் பக்கத்துச் சத்தம் அதில் கேட்கும். அதில் ஒரு பெண் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம், எந்தப் பாஷை என்று தெரியவில்லையாம். வீட்டில் இரண்டு லைன் இருந்ததால், மோடத்தை மறுபடி டயல் பண்ண விட்டு, ரிசீவரை அதற்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன்.

மணி அடிக்கிற சத்தம். யாரோ எடுக்கிற சத்தம். மோடத்தின் மெல்லிய விசில், விட்டு விட்டு. அந்த விசிலுக்கு நடுவில், மிகத் தெளிவாக, என்னுடைய பாஷையில்: "ராசன்? ராசன், அம்மா கதைக்கிறன். சொல்லப்பு. ராசன்?"

நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். நேசன் அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை எடுத்துக் காதில் வைத்தார். எதற்கும் பதறாத மனுசன் எழும்பி நின்றார். இரண்டு பேரும் கோர்ஸ் கைநூலை எடுத்துப் பார்த்தோம். டயல் பண்ணவேண்டிய நம்பரில் கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறி அச்சாகியிருந்தது. முப்பத்தைந்து ஆசிரியர்களின் மோடங்கள் நாளாந்தம் நாலு மணியிலிருந்து ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன.

அந்த நம்பருக்கு நானே அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ராசன்?" என்றார். நான் யார் என்று சொல்லி, நடந்ததை விளங்கப்படுத்தி, மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா, மகன் காணாமல் போய் ஆறு வருஷம் என்றார். சண்டை நடக்கிற வன்னியிலிருந்து கோல் எடுக்கிறவர்களுக்கு இப்படித்தான் முதலில் விசிலடிக்கும், குரல் பிந்தித்தான் வரும் என்று ஆட்கள் சொன்னவையாம். அதனால் குரல் வருமட்டும் வைக்காமல் நின்றாராம். "சரி பிள்ளை, நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் எல்லாருக்கும் கடிதம் போட்டு நம்பரைத் திருத்தினோம். பத்து நாள் கழித்து அவர் உதவி லைனுக்கு அடித்து என்னைக் கேட்டார். "ஏன் பிள்ளை நிப்பாட்டினீங்கள்? நீங்கள் சொன்னாப் பிறகும் எனக்கு அது வாறது பிடிச்சிருந்தது" என்றார். அடுத்தநாள் நாலு மணிக்குத் தேத்தண்ணி இடைவேளையில் நான் அந்த நம்பரை அடித்தேன். எடுத்தார். என்ன சொல்வதென்று யோசிக்காமல் அடித்துவிட்டதால் வாய் அடைத்துப்போய் நின்றேன். யாரென்று அவர் எப்படி அறிந்தாரோ தெரியாது. "பறவாயில்லைப் பிள்ளை, கதைக்காட்டியும் காரியமில்லை, கொஞ்ச நேரம் லைனில நில்."

அடியில் இரண்டு கோடு

கடைசி வருஷம் எனக்கு ஒரு சின்ன ஏற்றம் வந்தது. பெரிய ஆட்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக் கோர்ஸ் தொடங்கினார்கள். விடைத்தாள் திருத்த ஆள் தேவைப்பட்டது. கணக்குக் குறியீடுகளைக் கொம்பியூட்டரில் அடிக்கிறது பெரிய தொல்லை என்பதால், கையால் எழுதி ஃபாக்ஸில் அனுப்பினார்கள். ஒருநாள் ஃபாக்ஸ் மெஷினிலிருந்து ஒரு தாள் மெல்ல மெல்ல வெளியே வர, நான் அதில் என்னுடைய கையைக் கண்டேன். எழுத்து என்னுடையது இல்லை, முறை என்னுடையது. வலது ஓரத்தில் பெட்டி கட்டி அதற்குள் அரைகுறைக் கணக்கு. விடைக்கு அடியில் இரண்டு கோடு, இரண்டாவது கோடு முதலாவதைவிட நீளத்தில் கட்டை. இப்படிச் செய் என்று நான் பதினொரு வருஷம் பிள்ளைகளைப் பேசிப் பேசிப் பழக்கினது. தாள் முழுக்க வந்தபிறகு மேலே பேரைப் பார்த்தேன். சுகந்தி.

சுகந்தி என் வகுப்பில் கெட்டிக்காரி. நான் இங்கே வந்தபிறகு, கடல் கடக்கையில் வள்ளம் கவிழ்ந்து அவள் செத்துப்போனாள் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. இப்போது அவள் ஃபாக்ஸில் இருபடிச் சமன்பாடு அனுப்புகிறாள், ஐந்தில் நாலு சரி. நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். பதிவுப் பத்திரத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். "சுகந்தியோ?" "ஓம்." அவளுடைய குரல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நான் என் பேரைச் சொல்லி, ஊரில் படிப்பித்த ரீச்சர் என்றேன். லைன் வெட்டுப்பட்டது.

அடுத்த கிழமைத் தாளின் அடியில், இரண்டு கோட்டுக்கும் கீழே, பொடி எழுத்தில் தமிழில் எழுதியிருந்தது. தான் தங்கச்சி சுமதி. அக்காவுக்கு வந்த விசாப் பேப்பரில், அக்காவின் பேரில்தான் இங்கே வந்தது. அக்காவின் கணக்குக் கொப்பியை வைத்துத்தான் தானாகக் கணக்குப் பழகியது. "ரீச்சர், சொல்லிப்போடாதேங்கோ."

சோதனைக்கு முன்னர் ஒவ்வொருவரும் சொன்ன ஆள்தானா என்று உறுதிப்படுத்தி ஒரு பத்திரத்தில் ஒப்பமிடவேண்டும். மார்லீன் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இவளை உனக்குத் தெரியுமாமே, இது சுகந்திதானே?" என்று கேட்டாள். பொய் ஒப்பம் பிடிபட்டால் என் வேலை போகும். உண்மை சொன்னால் அந்தப் பிள்ளையை ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். சோதனையில் களவாகப் பார்த்தெழுதின பிள்ளையைக்கூடத் தகப்பனிடம் காட்டிக்கொடுத்த ஆள் நான். "ஓம், என்னிடம் படிச்ச பிள்ளைதான்" என்று ஒப்பமிட்டேன்.

சான்றிதழை வாங்க அவள் நேரில் வந்தாள். பனிச்சப்பாத்தோடு வாசலில் நின்றாள், தமக்கையின் நெற்றி, தமக்கையின் கண். நான் உறையைக் கொடுத்தேன். எண்பத்தெட்டுப் புள்ளி. அவள் தாளை வெளியே எடுத்து, அதில் பெரிய எழுத்தில் இருந்த பேரை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அக்கா பாஸ் பண்ணிப்போட்டா, ரீச்சர். இனி நான் எப்ப படிக்கத் தொடங்கிறது?"

கொம்பனியை விட்டு வந்தபோது, நாலு வருஷமும் கொம்பியூட்டர்ப் பழுதுகளைத் திறமையாகத் தீர்த்துவைத்தவள் என்று எனக்கு நற்சான்றிதழ் தந்தார்கள், அந்த நாலு வருஷத்தில் பழுதான ஒரு கொம்பியூட்டரையாவது நான் கண்ணால் கண்டதில்லை.